விளையாட்டு நேரம்: மதியம் ரெண்டு முதல் மூணு வரை

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்ப இந்த அலமாரியில வச்சிடுங்க, வராண்டாவுல விடக் கூடாது. அசோசியேஷன் ரூல். லிஃப்ட்லதானே வந்தீங்க? படிக்கட்டத் தேடியிருப்பீங்க, பூட்டியிருந்திருக்கும். பூட்டச் சொன்னதே நான்தான். எவனோ ஒருத்தன் படிக்கட்டு வழியா ஏறி வந்து ரெண்டாவது மாடியில ஒரு சைக்கிளத் தூக்கிட்டுப் போயிட்டான். அன்னையிலேர்ந்து பூட்டு. இப்ப முதல் மாடிக்குப் போறவங்களும் லிஃப்ட்லதான் போறாங்க. ஒருத்தருக்கும் மூச்சு வாங்குறதில்ல. இந்த வசதி வேற எங்க கிடைக்கும் சொல்லுங்க?

உக்காருங்க. வீட்ட அப்புறம் சுத்திக் காட்டுறேன். இவ்வளவு நல்ல வீட்ட இந்த ஆள் ஏன் வாடகைக்கு விடுறான்னுதானே யோசிக்கிறீங்க? தாராளமா கேக்கலாம். முந்தாநாள் வந்த அம்மா நேராவே கேட்டாங்க, தண்ணிக் கஷ்டமா, பேய் பிசாசானு. ரெண்டும் இல்ல. என் பேத்தி பக்கத்துல போய் இருக்கணும். அவ்வளவுதான் காரணம்.

பேரு ஆதிரை. நாலாங் கிளாஸ். வைகாசி வரைக்கும் இந்த வீட்லதான் இருந்தா. இப்ப எம்மவன் கதிரேசன், மருமக சுகந்தி, பேத்தி மூணு பேரும் சித்தாலப்பாக்கம் பக்கம் ஒரு தெருவுல வாடகைக்குப் போயிட்டாங்க. சாமான் அடுக்க ஒத்தாசையா நாலு நாள் இருந்துட்டு வரேன்னு கூடவே போன என் சம்சாரம் தமயந்தி, அந்த நாலு நாள இன்னும் முடிக்கல.

சொந்த வீட்ட விட்டுட்டு வாடகை வீட்டுக்கு ஓடுறவங்கள நீங்க பாத்திருக்கீங்களா? காரணம் கேட்டா சிரிப்பீங்க. குழந்தை குண்டாயிட்டாளாம். அதுக்கு இந்த அபார்ட்மெண்டுதான் காரணமாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!

எல்லாம் போன தை மாசம் ஆரம்பிச்சுது. பள்ளிக்கூடத்துக்கு டாக்டருங்க வந்து பிள்ளைங்கள வரிசையில நிக்க வச்சு எடை பாத்திருக்காங்க. எங்க காலத்துல எடை பாத்தா, ஏன்டா இப்படி நோஞ்சானா இருக்கேன்னு திட்டுவாங்க. இப்ப காலம் மாறிப்போச்சு. ஆதிரைக்கு வயசுக்கு மீறின எடை, ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கிளாஸ்ல பாதிப் பேருக்கு அதே கதைதானாம். அப்ப அது சராசரி எடைதானே தம்பி? கணக்கு தெரியாத டாக்டருங்க.

எங்க குடும்பமே பூசின உடம்பு. கொழுகொழுன்னு இருந்தா கண்ணு படும்னுதான் நான் பயந்தேன். பின்கழுத்துல கறுப்பா பட்டையா ஒரு படை வந்துச்சு. அழுக்குன்னு நெனச்சேன். பயத்தமாவு போட்டு நல்லா தேச்சுவிடும்மானு சுகந்திகிட்ட நான்தான் சொன்னேன். குழந்தை வலிக்குது வலிக்குதுனு அழும். தேச்சாத்தானே போகும்? டாக்டர் பாத்துட்டு, இது அழுக்கு இல்லம்மா, சர்க்கரை வரப்போகுதுன்னு உடம்பு சொல்ற அடையாளம்னாங்களாம். ஒம்பது வயசுக்குச் சர்க்கரையா? டெஸ்ட்லயும் பார்டர்ல நிக்குதுன்னு வந்துச்சு. சுகந்தி அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. நானும் சாப்பிடல. அவ சாப்பிடாம நம்ம மட்டும் எப்படிச் சாப்பிடறதுன்னுதான்.

சரி, குழந்தை ஏன் குண்டாச்சு? எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் என்ன பண்ணினேன்? கதிரேசன் கம்ப்யூட்டர் கம்பெனி, அவனுக்கு அமெரிக்காவுல விடியும்போதுதான் இங்க வேலை. சுகந்தி பேங்க். அவ வீடு வந்து சேரும்போது மணி எட்டு. அதுக்கப்புறம் சமைக்க அவ என்ன மிஷினா? ஃபோன அமுக்குவா, யாரோ ஒரு பையன் தலையில ஹெல்மெட்டோட பரோட்டா கொண்டாந்து தருவான். தமயந்திக்கு முட்டி வலி, அடுப்படியில ரொம்ப நேரம் நிக்க முடியாது. பள்ளிக்கூடத்துல விளையாட்டு பீரியட்னு ஒண்ணு இருக்கு, அதக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிட்டுப் போயிடுவாங்க, திருப்பித் தந்ததே இல்ல. இத்தனை பேரு இருக்காங்க. இதுல பாவம் நான் ஒருத்தன்தான் குழந்தைய அக்கறையா பாத்துக்கிட்டவன்.

சாயங்காலம் ஸ்கூல் வேன் கேட்டுக்கு வரும். நான் போய் நிப்பேன். பையை நான் வாங்கிக்குவேன், குழந்தை தூக்கக் கூடாதுல்ல. கீழயே பேக்கரி இருக்கு, பாத்திருப்பீங்க. ஒரு முட்டை பப்ஸ், ஒரு ரோஸ் மில்க். வாய்விட்டுக் கேக்குற குழந்தைக்கு இல்லேன்னு சொல்ல நான் என்ன கல்லா? அப்புறம் லிஃப்ட்ல ஏத்திக் கூட்டிட்டு வந்து, இந்த சோபாவுல உக்கார வச்சு, கையில ஃபோனக் குடுத்துருவேன். தங்கமான பொண்ணு. ராத்திரி வரைக்கும் அசைய மாட்டா. இப்படி அடக்கமான குழந்தை இந்த ப்ளாக்லயே கிடையாதுன்னு எல்லாரும் சொல்வாங்க.

டாக்டர் சொன்னதுக்கப்புறமும் நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. நான் இந்த அசோசியேஷனுக்கு செக்ரட்டரி. போட்டியில்லாம தேர்ந்தெடுத்தாங்க, வேற யாரும் நிக்கல. ஒரு பிரச்சினைனு வந்தா கூட்டம் போட்டுத் தீக்குற ஆளு நான். குழந்தைகள் உடல் பருமன் விழிப்புணர்வு முகாம்னு பேனர் அடிச்சேன். அரசாங்க சுகாதார நிலையத்துலேர்ந்து டாக்டர் ஹசீனாவ வரவழைச்சேன். ஹாலு நிறைஞ்சுபோச்சு. சமோசாவும் குலாப் ஜாமூனும் போதாம கீழ பேக்கரியிலேர்ந்து மறுபடி தருவிச்சோம். டாக்டரம்மா ஒரு வாய் தண்ணி மட்டும் குடிச்சாங்க. பெரிய எடத்துல வளந்தவங்க போல.

பேசி முடிச்சுட்டு அவங்க என்கிட்ட கேட்டாங்க, "இங்க குழந்தைங்க எங்க சார் விளையாடுவாங்க?"

"புல்தரை இருக்கு மேடம்"னு கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். நீங்களும் வரும்போது பாத்திருப்பீங்களே, பச்சைப்பசேல்னு, ஒரு சருகு கிடக்காது.

"இதுல விளையாட விடுவீங்களா?"

"விளையாடினா புல்லு செத்துரும் மேடம். இது பாக்குறதுக்கு."

சுத்திவர வாக்கிங் டிராக் போட்டிருக்கோம். அதுல பன்னெண்டு வயசுக்குக் கீழ அனுமதி இல்ல. குறுக்க ஓடிவந்து பெரியவங்க மேல மோதிடுதுங்க. சைக்கிள் ஓட்டினா காருல கீறல் விழுது, அதனால அதுவும் இல்ல. மொட்டை மாடி பூட்டு. ஜிம்முல பெரியவங்க மட்டும். ஒவ்வொண்ணா பெருமையா காட்டினேன். அந்தம்மா ஒவ்வொரு போர்டு முன்னாலயும் நின்னு நின்னு படிச்சாங்க.

"அப்ப குழந்தைங்களுக்குனு இங்க என்னதான் சார் இருக்கு?"

"கீழ பேக்கரி இருக்கு மேடம்"னேன்.

ஏன் சிரிக்கிறீங்க தம்பி? உள்ளதச் சொன்னேன். பில்டர் கட்டும்போது பேக்கரி இருக்குற இடத்த குழந்தைங்க விளையாடத்தான் விட்டிருந்தான். ஒரு சறுக்குமரம், ரெண்டு ஊஞ்சல். அப்பப்பா, காது கிழியும். ஆஃபீஸ் ஃபோன் பேச முடியலேன்னு ஒரே புகார். எடுத்துட்டு பேக்கரிக்கு வாடகைக்கு விட்டோம். அசோசியேஷனுக்கு வரும்படி ஆச்சு. குழந்தைங்களும் இன்னமும் அங்கதான் கூடுறாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?

காய்கறி எங்க வாங்குறீங்கன்னு அடுத்த கேள்வி. வாசல்ல ஒரு அம்மா தள்ளுவண்டியில கீரை, வெள்ளரிக்கா எல்லாம் வித்துக்கிட்டிருந்துச்சு. உள்ள வர்றவங்களுக்கு அது பாக்க நல்லால்ல, அதனால நிறுத்தச் சொல்லிட்டோம். இப்ப ஃபோன்லதான் எல்லாம். கீரை வர்றதுக்கு ஒரு நாள் ஆகும், பீட்சா பத்து நிமிஷத்துல வந்துரும். நாம என்ன பண்றது, அவங்கவங்க சுறுசுறுப்பு.

டாக்டரம்மா போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு அறிவுரை சொன்னாங்க. குழந்தைகள் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாட வேண்டும்னு. அருமையான அறிவுரை. அன்னைக்கே பிரிண்ட் போட்டு, லிஃப்ட்டுக்குள்ள ஒட்டிட்டேன். பக்கத்துலயே ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு, வளாகத்தில் குழந்தைகள் ஓடக் கூடாதுன்னு. ரெண்டுலயும் என் கையெழுத்துதான். லிஃப்ட்ல வர்ற பிள்ளைங்க ரெண்டையும் மாத்தி மாத்திப் படிச்சுக் கெக்கெக்கேனு சிரிக்குங்க. அறிவிப்பப் படிக்கிற பழக்கமாவது வந்துச்சேன்னு எனக்கு ஒரு திருப்தி.

அதோட விட்டேனா? கமிட்டியக் கூட்டித் தீர்மானம் போட்டேன். புல்தரையில குழந்தைங்க விளையாட நேரம் ஒதுக்கியாச்சு. திங்கள்லேர்ந்து வெள்ளி, மதியம் ரெண்டு முதல் மூணு வரை. சாயங்காலம் பெரியவங்க நடக்கணும், காலையில தண்ணி விடணும், சனி ஞாயிறு புல்லுக்கு ஓய்வு. மிச்சம் இருந்த நேரம் அதுதான். அப்ப பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்குமேன்னு ஒருத்தர் கேட்டார். நேரம் குடுக்குறது நம்ம கடமை சார், வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்னேன். ஆளு உக்காந்துட்டார்.

அதுக்கப்புறம்தான் சுகந்தி ஒரு வேலை பண்ணினா. மாசி மாசம் பொதுக்குழு. நான் மேடையில. இவ எழுந்து நிக்கிறா.

"மாமா, ஒரு வேண்டுகோள்"னா.

"இங்க மாமா எல்லாம் கிடையாதும்மா, செக்ரட்டரின்னு சொல்லு"ன்னேன். முறைனு ஒண்ணு இருக்கில்ல?

"சரிங்க செக்ரட்டரி சார். எம்பொண்ணுக்கு ஒம்பது வயசு. சர்க்கரை பார்டர்ல நிக்குது. அவள ஸ்கூல்ல பூசணின்னு கூப்பிடுறாங்க. ஞாயித்துக்கிழமை கடைக்கு நடந்து போலாம்னா, நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள மூச்சு இளைக்குது. ரோட்டுல பிளாட்பாரமும் இல்ல, லாரி உரசிட்டுப் போகுது. சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தப் புல்லு மேல அவள ஓட விடுங்க. மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஓடட்டும் சார். வேற ஒண்ணும் கேக்கல."

கடைசியில குரல் உடைஞ்சுபோச்சு. எனக்கு மட்டும் நெஞ்சுல ஈரம் இல்லையா தம்பி? மேடையிலயே தண்ணி வாங்கிக் குடிச்சேன். அப்புறம் வோட்டுக்கு விட்டேன். பிள்ளை இருக்குறவங்க ஒரு பக்கம், மிச்சப் பேரு இன்னொரு பக்கம். எண்ணிப் பாத்தா ரெண்டு பக்கமும் சமம். அப்படி வந்தா செக்ரட்டரி வோட்டுதான் முடிவு. அதுவும் ரூல்.

ஹாலே என்னைப் பாக்குது. கடைசி வரிசையில ஆதிரை ஒரு நாற்காலி மேல ஏறி நின்னு பாக்குறா. வேற எவனா இருந்தாலும் சொந்தப் பேத்தின்னு சலுகை காட்டியிருப்பான். நான் கருவூலத்துல சூப்பிரண்டா இருந்தவன், ஒருத்தனும் என்னைப் பாத்து வேண்டியவங்களுக்கு வளைஞ்சு குடுத்தான்னு சொன்னது கிடையாது. புல்லுக்கு ஆதரவா கையத் தூக்கினேன். கைதட்டினாங்க தம்பி. மூணாவது ப்ளாக்குக்காரர் வந்து கட்டிப் பிடிச்சு, நேர்மைனா நீங்கதான் சார்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஆதிரை கேட்டா, "தாத்தா, எனக்கு எதிரா கை தூக்கினீங்களா?"

"உனக்கு எதிரா இல்லடா கண்ணு. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க, அதுக்கு எதிரா"னு பொறுமையா விளக்கினேன். புரிஞ்சுதான்னு கேட்டேன். தலைய ஆட்டிட்டுப் போய் ஃபோன எடுத்துக்கிட்டா.

சுகந்தி சண்டை போடுவான்னு பாத்தேன். போடல. ஆனா அன்னையிலேர்ந்து வீட்டுக்குள்ளயும் செக்ரட்டரி சார்தான். "செக்ரட்டரி சார், சாப்பிட வாங்க." "செக்ரட்டரி சார், கேஸ் சிலிண்டர் வந்திருக்கு." கதிரேசன் சிரிப்ப அடக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போயிடுவான். பரீட்சை முடிஞ்சுது, லாரி வந்துச்சு, போயிட்டாங்க. சாமான் இறக்குற லிஃப்ட்டுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கலேன்னு நான் சொன்னேன்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா அபராதம் போடல. அவ்வளவு விட்டுக்குடுத்தேன்.

முதல் வாரம் வீராப்பா இருந்தேன். அப்புறம் முடியல. சாயங்காலம் வேன் சத்தம் கேட்டா கால் தானா கேட்டுக்குப் போகுது. ஊரான் பிள்ளைங்க இறங்கிப் போகுது. பேக்கரிக்காரன் பழக்க தோஷத்துல பப்ஸ எடுத்து நீட்டுறான். அவ இல்லாம எனக்குச் சோறு இறங்கல தம்பி. வெக்கமில்லாம சொல்றேன், அவ தலகாணிய வச்சுக்கிட்டு அழுதிருக்கேன். இந்த உசுருக்கு அவளத் தவிர வேற பிடிப்பு கிடையாது.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு டஜன் பப்ஸ வாங்கிக்கிட்டு அங்க போனேன். தெருவா அது? லிஃப்ட் இல்ல, செக்யூரிட்டி இல்ல, ஒரு கேட் கூட இல்ல. யார் வேணா வரலாம், யார் வேணா போலாம். வாசல்ல கீரைக்காரன் நிக்கிறான், ஒருத்தரும் விரட்டல. வீட்டுக்கு எதிர்ல பெரிய காலி மனை. அண்ணன் தம்பிக்குள்ள கோர்ட்டுல கேஸ் நடக்குதாம், அதனால எவனும் கட்டடம் எழுப்ப முடியல. பிள்ளைங்க பூரா அதுலதான் கிடக்குது. புழுதி மண்டலம். அந்தக் கும்பல்ல ஒரு பொண்ணு செருப்பு இல்லாம, பாவாடைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஓடுது. ஐயோ யாரு பெத்த பிள்ளையோன்னு பாத்தா, நம்ம ஆதிரை.

"ஆதிரை"னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தா. மூஞ்சி எல்லாம் மலர்ந்துபோச்சு.

"இருங்க தாத்தா, அவுட் ஆயிட்டு வரேன்!"

நானும் நிக்கிறேன், நிக்கிறேன், அவ அவுட்டே ஆகல. இந்த சோபாவ விட்டு அசையாத பொண்ணு தம்பி! துரத்துறவனுக்கு மூச்சு இளைக்குது, இவளுக்கு இளைக்கல. ஒரு தடவை தடுக்கி விழுந்தா. எனக்கு உசுரே போயிருச்சு. "ஓடாதே, ஓடாதே"னு கத்திட்டேன். பிள்ளைங்க அத்தனையும் அப்படியே நின்னு என்னைப் பாக்குது. ஆதிரை முட்டியில மண்ணத் தட்டிக்கிட்டே வந்தா.

"தாத்தா, இங்கல்லாம் செக்ரட்டரி கிடையாது. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க"ன்னா.

பப்ஸ எடுத்துப் பிச்சுப் பிச்சு எல்லாருக்கும் குடுத்தா. அவளுக்கு வந்தது ஒரு விரக்கடை அகலத் துண்டு. அதையும் வாயில போட்டுக்கிட்டே திரும்ப ஓடிட்டா. தமயந்தி வாசல்ல முறத்தோட உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு, "கழுத்துக் கறுப்பு கொஞ்சம் வெளுத்த மாதிரி இல்ல?"ன்னா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. பயத்தமாவ விடாம போடுறாளோ என்னவோ.

ஆனா தம்பி, திரும்பி வரும்போது பஸ்ல எனக்கு அந்தப் பிள்ளை சொன்னதுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. இங்க செக்ரட்டரி கிடையாதுன்னு அந்தக் குழந்தையே சொல்லுது பாருங்க. கேக்க ஒரு நாதி இல்லாத இடத்துல எம்மவன் அவளக் கொண்டுபோய் விட்டிருக்கான். பேத்தி அப்படி ஒரு தெருவுல வளரும்போது நான் இங்க புல்லுக்குத் தண்ணி விட்டுக்கிட்டு உக்காந்திருந்தா நான் மனுஷனா?

அதான் முடிவு பண்ணிட்டேன். அதே தெருவுல, அந்த மனைய ஒட்டினாப்புல ஒரு வீடு பாத்து முன்பணமும் குடுத்தாச்சு. தெருக்கோடியில ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் இருக்கார், மாணிக்கவாசகம்னு. நல்ல மனுஷர். அவரும் பிள்ளைங்க சத்தத்துல மத்தியானம் கண்ணசர முடியலேன்னு ரொம்ப நாளா புழுங்கிக்கிட்டு இருந்திருக்கார், கேக்கத்தான் ஆள் இல்ல. ரெண்டு பேரும் உக்காந்து பேசினோம். வர்ற ஞாயித்துக்கிழமை குடியிருப்போர் நலச் சங்கம் முதல் கூட்டம். நான் ஆலோசகர்னு சொன்னேன், அவர் கேக்கல, செக்ரட்டரியாத்தான் இருக்கணும்னுட்டார். முதல் தீர்மானமே அந்த மனைதான். கேஸ் முடியுற வரைக்கும் பராமரிப்பு மட்டும் எங்களுக்குக் குடுங்கன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் பாத்துப் பேசியாச்சு, ஒத்துக்கிட்டாங்க. சுத்தி கம்பி வேலி, ஒரு கேட், ஓரமா சிமெண்ட் டிராக், நடுவுல நல்ல கொரியன் புல்லு. புழுதியே இருக்காது. பிள்ளை தடுக்கி விழுந்து முட்டிய உடைச்சுக்குமேன்னு இனி பயப்பட வேணாம்.

ஆதிரைகிட்ட இன்னும் மூச்சு விடல. தமயந்திகிட்டயும் சொல்லல. வேலிக்கு ஆள் வந்து குழி தோண்டும்போது தெரியட்டும். தாத்தா தனக்காக என்னெல்லாம் பண்ணியிருக்கார்னு தெரிஞ்சா அந்தப் பிள்ளை எப்படிக் குதிக்கும் பாருங்க!